ஸ்மோகோவாவில் கூப்பிட்ட குரல்

சாக்ரெப்
4 மார்ச் 1984

அன்புள்ள பெரினா அக்காவுக்கு,

நெவென்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? குளிர்காலம் வந்தால் உங்களைப் பாடாய்ப் படுத்தும் முழங்கால் வலி இந்த வருஷமாவது சும்மா விட்டதா? நான் சுகம். இங்கே இன்னும் பனி மூட்டம் விலகவில்லை. காலையில் பேக்கரிக்குப் போகும்போது எதிரே வரும் டிராமே தெரிவதில்லை, மணிச் சத்தம்தான் கேட்கிறது.

வருஷப் பிறப்புக்கு ஒரு வாழ்த்து அட்டை. ஆறு வருஷமாக நமக்குள் எழுத்து என்று இருந்தது அவ்வளவுதான். இப்போது உறையில் கடிதம் வந்ததும் பயந்திருப்பீர்கள். கெட்ட செய்தி ஒன்றுமில்லை.

உங்கள் தம்பி போன பிறகு என்னால் அந்தத் தீவில் ஒரு வசந்தகாலம் வரைகூட இருக்க முடியவில்லை. நான் கப்பல் ஏறிய அன்று நீங்கள் துறை வரை வந்தீர்கள். ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெயை என் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தீர்கள். அது கோபமா, இல்லை அழுகையை மறைத்தீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

ஜூன் மாதம் எனக்கு விடுமுறை. வரலாமா? ஸ்மோகோவாவைப் பார்க்க வேண்டும் அக்கா. ஃபாபியானின் படகு ஆளில்லாமல் வந்து ஒதுங்கிய குடா. அவருக்குக் கல்லறை இல்லை. போய் நிற்பதற்கு எனக்கு வேறு இடமும் இல்லை. அவர் எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும் அங்கேதான் என்று உங்களுக்குத் தெரியும்.

சில விஷயங்களை நேரில் பேச வேண்டியிருக்கிறது. மற்றவை வந்து.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெவென்கா


மாதா துணை

15 மார்ச் 1984

என் கண்ணு நெவென்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். முழங்கால் வலியா? அது என் வீட்டில் குடியிருக்கும் இன்னொரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. விடு.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரன் ஊருக்கே கேட்கிற மாதிரி, "சாக்ரெப்புலேர்ந்து! தம்பி சம்சாரமா?" என்று கத்தினான். "ஆமா, உனக்கென்ன? உள்ள என்னன்னு மோந்து பாக்கப் போறியா?" என்று பிடுங்கிக்கொண்டேன். அடுப்பில் வைத்த கீரை கரிந்துபோனது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

வரலாமா என்று கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? உன் வீடு இது. அம்மா கண்ணை மூடியபோது ஃபாபியானுக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான்தான் இடுப்பில் சுமந்தேன். அவன் பெண்டாட்டி நீ. உன்னை விட்டால் எனக்கு யார்?

மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் கட்டில் அப்படியே இருக்கிறது. மெத்தையை மட்டும் வெயிலில் போட வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். மத்தி மீன் ஆலை அலுவலகத்தில் நீ முன்பு உட்கார்ந்த மேஜை காலியாகத்தான் கிடக்கிறதாம். மேலாளர் வீட்டு அம்மாவிடம் பூசை முடிந்ததும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தேன். "அவ வந்தா நாளைக்கே வேலை" என்றாள். ஜூனில் வந்து ஜூலையில் எதற்குத் திரும்பிப் போக வேண்டும்? அந்தப் பனிமூட்டத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்மோகோவா பக்கம் நான் போவதே இல்லை. மலைமேல் பாதையை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் கிழவன் குஸ்தேயின் படகில் போகலாம். அவன் இன்னும் சாகவில்லை, வாயும் குறையவில்லை.

காய்ந்த அத்திப்பழம் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். சாப்பிடு. போன அட்டையோடு வைத்த படத்தில் எலும்பாக இருந்தாய்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
பெரினா


சாக்ரெப்
30 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அத்திப்பழம் வந்தது. பிரித்ததும் அறை முழுக்க நம் வீட்டு வாசனை. நீங்கள் நலம்தானே? நான் நலம்.

எனக்காக இவ்வளவு சிரமப்படாதீர்கள். சுண்ணாம்பெல்லாம் எதற்கு? வேலை விஷயத்தில் மேலாளர் வீட்டு அம்மாவிடம் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்ல வேண்டாம். இங்கே பேக்கரியில் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் நின்று ஒரு வாரம் ஏறி இறங்கினோம். பழுது பார்க்க வந்த ஸ்லாவ்கோ என்பவர் என் மாவு மூட்டையை மேலே தூக்கிவந்து கொடுத்தார். உங்கள் அத்திப்பழம் வந்ததும் அதில் இரண்டு அவருக்குக் கொடுத்தேன். "இது மரத்துல காய்க்குதா, சர்க்கரையில செய்யறாங்களா?" என்று கேட்டார். மலைநாட்டு ஆள். கடலையே பார்த்ததில்லையாம். ஈஸ்டருக்கு அவர் ஊரிலிருந்து முட்டையும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா நடந்துவிட்டு வருவோம்.

நான் தனியாக வருவேனா, கூட ஒருவரும் வருவாரா என்று இன்னும் முடிவாகவில்லை. துறைக்குப் பக்கத்து ஹோட்டலில் ஜூனில் அறை கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?

முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

நெவென்கா


17 மே 1984

நெவென்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் யூகோ காற்று நிற்கவே இல்லை. தெற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. மீன் இல்லை. மாடி அறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது, சுண்ணாம்பு பிடிக்கவில்லை. ஜூனில் வந்தால் உனக்கு வசதிப்படாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஹோட்டலை நான் விசாரிக்கவில்லை. அந்தப் பக்கம் போகவில்லை.

பெரினா


சாக்ரெப்
25 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

சுவர் ஈரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுவரில் ஈரம் இறங்கி நான் பார்த்ததில்லை அக்கா. உங்களுக்குப் புரிந்துவிட்டது. நேரில் சொல்ல நினைத்ததை இப்போது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்லாவ்கோ என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். மனைவியை இழந்தவர். பிள்ளை இல்லை. குடிப்பதில்லை. அதிகம் பேசவும் மாட்டார். கேட்ட அன்று நான் சொன்னேன்: "எனக்குப் புருஷன் இருந்தாரு. செத்துட்டாருன்னு காகிதம் சொல்லுது. ஆனா நான் யாரையும் புதைக்கல." அவர் ரொம்ப நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப முதல்ல அங்க போயிட்டு வா. நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்றார்.

எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் உள்ளே இருட்டாக இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. வானொலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன், திரும்பி வரும்போது யாரோ பேசுவது கேட்கட்டும் என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் வேண்டாம் என்றால் நான் அதைக் கேட்க வேண்டும். சரி என்றாலும் உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். ஸ்மோகோவாவையும் உங்களையும் பார்க்காமல் நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

பதில் எழுதுங்கள்.

நெவென்கா


சாக்ரெப்
3 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து துறைமுகத் தபால் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "பெரினாவா? நல்லாத்தான் இருக்கா, காலையில கூட எங்கிட்ட சண்டை போட்டா" என்று சொன்னார்கள். நிம்மதியாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

ஜூன் விடுமுறையைத் தள்ளிப் போட்டேன். ஜூலை 21, சனிக்கிழமை, ஸ்பிளிட் துறைமுகத்திலிருந்து வரும் காலைக் கப்பலில் வருகிறேன். தனியாக. நீங்கள் துறையில் நின்றால் உங்களோடு வீட்டுக்கு வருவேன். நிற்கவில்லை என்றால் வந்து கதவைத் தட்டித் தொந்தரவு செய்ய மாட்டேன். மாலைக் கப்பலில் திரும்பிவிடுவேன்.

உங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நெவென்கா


சாக்ரெப்
26 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இந்த முறை கை வரவில்லை. நீங்கள் நலம் என்று கண்ணால் பார்த்துவிட்டேன், தூரத்திலிருந்து.

கப்பலிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரை மேல்தட்டில் நின்று துறையைப் பார்த்தேன். கறுப்புத் துணி கட்டிய ஒவ்வொரு தலையும் உங்கள் தலை மாதிரியே இருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு வலை உலர்த்தும் இடத்தில் குஸ்தே மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, சாக்ரெப்புல சாப்பாடே போட மாட்டாங்களா? யூகோ அடிச்சா பறந்துடுவே போலிருக்கே" என்றார். ஸ்மோகோவாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஏன் நீங்கள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. அதனால்தான் அழாமல் படகில் ஏற முடிந்தது.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் நுழையும்போது குஸ்தே எஞ்சினை அணைத்துவிட்டு, கையால் பாறையைத் தள்ளித் தள்ளிப் படகை உள்ளே விட்டார். உள்ளே போனதும் காற்று நின்றுவிட்டது. சுற்றிலும் சுவர் மாதிரி மலை. மேலே வானம் ஒரு தட்டு அளவு. கூழாங்கல்லில் கால் வைத்தால் எழும் சத்தம் மலையில் போய் முட்டித் திரும்பி வருகிறது. ஒருவர் நடந்தால் இருவர் நடப்பது மாதிரி. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் ஃபாபியானின் படகைப் பார்த்தேன்.

குகை நிழலில், கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தது. விற்றுவிட்டதாக அல்லவா நினைத்திருந்தேன்? புதுசாக வெள்ளையும் நீலமும் அடித்திருந்தது. துடுப்புகள் எண்ணெய் பூசி உள்ளே கிடந்தன. மூடி போட்ட குடத்தில் தண்ணீர். ஊற்றிப் பார்த்தேன், நல்ல தண்ணீர், பழசில்லை. முன்பக்கத்தில் என் பெயர். கல்யாணத்துக்கு மறுநாள் ஃபாபியான் எழுதிய அதே கோணல் எழுத்தின்மேல் யாரோ கை நடுங்காமல் புது வர்ணம் பூசியிருந்தார்கள்.

"யாரு செஞ்சது?" என்றேன்.

"யாரு செய்வா? உன் நாத்தனாதான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நேரா இங்கதான் இறங்கி வருவா."

"பாதை போயிடுச்சுன்னு எழுதினாங்களே."

"போச்சுதான். ஒவ்வொரு கல்லா மறுபடி அடுக்கி வச்சதும் அவதான்" என்று சொல்லி மேலே கை காட்டினார்.

நீங்கள் உச்சியில் நின்றீர்கள்.

"அக்கா!" என்று கூப்பிட்டேன். மலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிச் சொன்னது. நான் ஒருமுறை கூப்பிட்டதுக்கு அத்தனை குரல். நீங்கள் அசையவில்லை. பிறகு நான் தண்ணீரில் இறங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடாவின் வாய் வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது உச்சியில் யாரும் இல்லை.

மாலைக் கப்பலில் வந்துவிட்டேன். இனி நான் என்ன எழுதுவது?

நெவென்கா


மாதா துணை

2 செப்டம்பர் 1984

நெவென்கா கண்ணுக்கு,

நீ சுகமா? நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கி அடுப்பில் போட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு நான் துறைக்கு வரவில்லை என்று நினைக்கிறாய். வந்தேன். நல்ல பாவாடை உடுத்தி, ஈரலும் வெங்காயமும் சமைத்து மூடி வைத்துவிட்டு வந்தேன். மாதா கோயில் வளைவு வரை வந்தாயிற்று. கப்பல் நின்றது. மேல்தட்டில் நீ நின்றாய். மஞ்சள் கவுன் போட்டிருந்தாய்.

அவ்வளவுதான். கால் வரமாட்டேன் என்றது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. உனக்கு மஞ்சள் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் உன்னைக் கறுப்பில் மட்டும்தான் ஆறு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன். எங்கேயோ ஒரு ஊரில் அவன் பெண்டாட்டி கறுப்பு உடுத்தி இருக்கிறாள் என்றால், அவன் வர நேரமாகிறது, அவ்வளவுதான். அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டால் அவன் வரமாட்டான் என்று ஆகிவிடும். பைத்தியக்காரத்தனம்தான். படித்துச் சிரித்துக்கொள்.

படகை ஏன் விற்கவில்லை என்று ஊரே கேட்டது. திரும்பி வருகிறவனுக்குப் படகு வேண்டாமா? மீன்பிடிக்கிற ஆளுக்குக் கையும் காலும் அதுதானே? வந்தால் தாகமாக இருக்கும் என்று தண்ணீர் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குப் பொய்யும் எழுதினேன். அந்த இடத்துக்கு நீ வந்தால் நான் வைத்திருப்பதைப் பார்த்து, "அக்கா, போதும்" என்று சொல்லிவிடுவாய் என்று பயம்.

நீ குஸ்தேயின் படகில் ஏறியதைப் பார்த்ததும் மலைப் பாதையில் ஓடிவந்தேன். நீ கூப்பிட்டது கேட்டது. மலை எத்தனை முறை சொன்னதோ அத்தனை முறையும் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தண்ணீரில் இறங்கினாய். எனக்கு உயிரே போய்விட்டது, எங்கே இவளும் என்று. உன் கை ஒழுங்காக விழுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். அவன் கற்றுக்கொடுத்த மாதிரியே தலையை இடது பக்கம் திருப்பி மூச்சு வாங்குகிறாய். அது தெரியுமா உனக்கு? அதைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சமைத்ததையெல்லாம் பூனைக்குப் போட்டேன்.

நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சரி என்று சொல்லவும் இன்னும் வாய் வரவில்லை. அந்த லிஃப்ட்காரனை அழைத்துக்கொண்டு வா. அக்டோபரில் கடல் அமைதியாக இருக்கும். கடலைப் பார்க்காத மனுஷனை நானும் பார்த்ததில்லை.

மஞ்சள் கவுனே போட்டுக்கொண்டு வா.

பெரினா


சாக்ரெப்
12 செப்டம்பர் 1984

மதிப்புக்குரிய பெரினா அம்மையாருக்கு,

தாங்கள் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் பெயர் ஸ்லாவ்கோ. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தவறிருந்தால் மன்னிக்கவும்.

தாங்கள் என்னையும் வரச் சொன்னதாக நெவென்கா சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் நின்று அழுதாள். சந்தோஷமா என்று கேட்டேன். "தெரியல" என்றாள்.

வருகிறேன். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு நீச்சல் தெரியாது. பன்னிரண்டாவது மாடியில் கம்பியில் தொங்கி வேலை செய்ய எனக்குப் பயமில்லை. தண்ணீர் என்றால் பயம். படகில் நான் சிரிப்புக்கு இடமாக நடந்துகொண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தம்பியின் இடத்துக்கு வருகிறேன். என்ன கொண்டுவருவது முறை, எதைப் பேசக்கூடாது, எங்கே நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரியாது. நெவென்காவைக் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. தாங்கள் எழுதினால் அப்படியே நடந்துகொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள
ஸ்லாவ்கோ


16 செப்டம்பர் 1984

ஸ்லாவ்கோ அவர்களுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

வெறும் வயிற்றில் கப்பல் ஏற வேண்டாம். காய்ந்த ரொட்டி தின்றுகொண்டே வாருங்கள். அம்மையார் எல்லாம் வேண்டாம், நான் என்ன மேயர் சம்சாரமா? பாலாடைக்கட்டி கொண்டுவாருங்கள். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

கல்யாணம் ஆகும் வரை என் வீட்டில் உங்களுக்குக் கீழ் அறை, அவளுக்கு மாடி அறை. அந்தப் படிக்கட்டு ரொம்பச் சத்தம் போடும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பெரினா


மாதா துணை

4 நவம்பர் 1984

என் கண்ணு நெவென்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க மாதா காக்க வேண்டும். உன் கடிதமும் படங்களும் வந்தன. படத்தில் நான் சிரிக்கிறேன். பல் போன இடம் தெரிகிறது. வேறு யாருக்கும் காட்டாதே.

அக்டோபரில் நீங்கள் இருவரும் வந்துவிட்டுப் போன பிறகு உடனே எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். கோபமில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். ஸ்லாவ்கோ தானாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்மோகோவாவில் நீ நீந்தப் போன நேரம் நானும் அவரும் கூழாங்கல்லில் உட்கார்ந்திருந்தோம் இல்லையா? குஸ்தேயின் படகில் வாந்தியெடுத்து முகம் வெளிறிப் போயிருந்தது. கால்சட்டையெல்லாம் நனைந்து பாவமாக இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்திருக்கிறானே என்று வயிறு எரிந்தது.

அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார். "அவரு எப்படிப்பட்ட ஆளு? சிரிப்பாரா?"

இந்த ஊரில் ஒருத்தர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. படகு எங்கே கிடந்தது, காற்று எந்தப் பக்கம், ஏன் கடலுக்குப் போனான் என்றெல்லாம் கேட்டார்கள். அவன் சிரிப்பானா என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று தொடங்கினேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எப்போதும் இருக்கிறான் என்றுதான் சொல்வேன். வார்த்தை வெளியே விழுந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் கவனிக்காத மாதிரி, "ம், சொல்லுங்க" என்றார்.

அப்புறம் சொன்னேன் பார், வாய் நிற்கவே இல்லை. பாதிரியார் தொப்பியை ஆட்டுக்கு மாட்டிவிட்டது. உன்னைப் பெண் கேட்க வந்த அன்று ஒரே ஷூவை இரண்டு தடவை பாலிஷ் போட்டு, இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டு வந்தது. நீ தண்ணீரிலிருந்து பார்த்துவிட்டு, "என்ன ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?" என்று கத்தினாயே, அப்போது அந்த ஷூ கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் எழுந்து, "வாங்க, இதைத் தள்ளுவோம்" என்றேன். படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று நான் முன்னாலேயே நினைத்து வைத்திருந்ததாக நீ நினைத்திருப்பாய். இல்லை. அந்த நிமிஷம் தோன்றியது. மூவருமாகத் தள்ளியபோது கட்டை முனகியதே, எனக்கு நெஞ்சில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. பலகை காய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நீச்சல் தெரியாத மனுஷன் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே துறை வரைக்கும் வந்தார். ஒரு முறைகூடத் திருப்பச் சொல்லவில்லை. அவரை உனக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. இதை நான் எழுதிவிட்டேன், போதும். நீ கேட்டுக்கொண்டிருந்த பதில் இதுதான்.

படகைக் குஸ்தேயின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். பெயரை மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். அந்தப் பூசையில் ஊரில் இறந்தவர்கள் பெயரையெல்லாம் சாமியார் வாசிப்பார், உனக்குத் தெரியும். வருஷா வருஷம் அவர் என் வீட்டுக்கு வந்து, "பெரினா, தம்பி பேரையும் சேக்கலாமா?" என்பார். நான் ஒவ்வொரு வருஷமும், "சாமி, வேற யாராவது செத்தவங்க வீட்டுல போய்க் கேளுங்க" என்று வாசலோடு அனுப்புவேன். இந்த வருஷம் அவர் வரவில்லை. என் வாய்க்குப் பயந்திருப்பார். நானே போனேன். "எழுதிக்குங்க" என்றேன். அவர் பேனாவைத் தேடினார். எனக்காக ரொம்ப நேரம் தேடினார் என்று நினைக்கிறேன்.

கோயிலில் பெயர் வர வர நான் எழுந்து நின்றேன். எங்கள் அப்பா பெயர், அம்மா பெயர், அப்புறம் அவன் பெயர். வாசித்ததும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. சாமியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவ்வளவு சாதாரணமாக முடிந்துவிட்டது. நான் மட்டும்தான் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குஸ்தே என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காரு புள்ள" என்றான்.

டிசம்பரில் கல்யாணத்துக்கு வரச் சொல்லி இருவரும் எழுதியிருக்கிறீர்கள். வரமாட்டேன். கோபமில்லை என்று மேலேயே சொன்னேன். நீ இன்னொரு வீட்டுக்குப் போவதை என் மனசு ஒத்துக்கொண்டது. கண் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. அதைச் சோதிக்க வேண்டாம். இனிப்பு ஒயின் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். அன்றைக்குக் குடியுங்கள்.

இன்று யூகோ அடிக்கிறது. ஸ்மோகோவாவின் வாயை அலை மூடியிருக்கும். பூசை முடிந்து வெளியே வந்ததும் கால் தானாக மலைப் பக்கம் திரும்பியது. பாதி தூரம் போன பிறகுதான் அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை என்று ஞாபகம் வந்தது. காத்திருப்பதும் ஒரு வேலைதான் போலிருக்கிறது. காலையில் எழுந்தால் அது இருந்தது. இப்போது எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டுப் பார்க்கிறேன், முழு நாளும் அப்படியே கிடக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். இனிமேல் நான் உனக்கு என்ன முறை? நாத்தனார் முறை முடிந்துவிட்டது. மேலாளர் வீட்டு அம்மா நேற்று, "நெவென்கா இனி உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். மீன் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்லாவ்கோவுக்கு என் விசாரிப்பு.

பெரினா அக்கா